சூட்கேஸ் அட்டை

மூடியிருக்கிற எதையும் திறந்து பார்க்காமல் காவேரியால் இருக்க முடியாது. கல்யாணமான புதிதில் வீட்டுப் பரணில் ஏறி, யாரும் தொடாத ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, அதில் குடியிருந்த எலிக் குடும்பத்தைக் கூடத்துக்குள் இறக்கிவிட்டவள் அவள். கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் அவள் நடத்தும் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் கவரை நீட்டும்போதே, "படிக்காதம்மா, காப்பி மட்டும் எடு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

அதனால் ஜான்சன் பைக் டேங்க்மேல் ஒரு பெரிய பெட்டியை வைத்துக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றபோது, என்ன வேலையாக வந்தான் என்று அவள் கேட்கவே இல்லை.

"அது இன்னா பெட்டி?"

ஜான்சன் கார் டிரைவர். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் கிம் என்கிற கொரியாக்கார என்ஜினியருக்கு நாலைந்து வருடம் வண்டி ஓட்டினான். கிம் குடும்பம் இப்போது வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டது. ஜான்சன் வேறொரு டிராவல்ஸில் சேர்வதற்காக லைசென்ஸ் நகல் எடுக்க வந்திருந்தான்.

"வெள்ளாட்டு சாமான்க்கா. கிம் சாரு போவும்போது குட்த்துட்டுப் போனாரு. எம் பொண்ணு சின்னது, எதக் குட்த்தாலும் வாயிலதான் போடுது. காயலான்கடைல போட்லாம்னு எடுத்துக்கினு வந்தேன்."

"இரு, இரு. பாத்துட்டுப் போடலாம்."

பெட்டி மூடியில் ஒரு பெண் தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டு கிதாரோடு ஆகாயத்தில் தாவிக்கொண்டிருந்தாள். பின்னால் நெருப்பு. வட்டமும் கோடுமாக கொரிய எழுத்து. உள்ளே மடித்து வைத்த ஒரு பெரிய வரைபடம், அதில் வளைந்து வளைந்து ஒரு சாலை, சாலையோரம் ஏழெட்டு ஊர்கள், கடைசியில் விளக்கு வெள்ளத்தில் ஒரு ஸ்டேடியம். மரத்தில் செய்த ஒரு குட்டிக் கறுப்பு வேன். கண்ணாடிபோல் மின்னும் பச்சை நட்சத்திரங்கள். நிமிர்த்தி வைத்தால் ஸ்பீக்கர் பெட்டிபோல் நிற்கும் ஓர் அட்டைப் பெட்டி. அதன் தலையில் கோயில் உண்டியலுக்கு இருப்பதுபோல ஒரு பிளவு. கட்டுக் கட்டாகச் சீட்டுகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஆட்ட விதிப் புத்தகம்.

அந்தப் புத்தகம்தான் வம்பு. ஐப்பசி மழையில் பால்கனியில் நனைந்திருக்க வேண்டும். முன்பாதிப் பக்கங்கள் நெளிந்துபோய், ஆனாலும் பிரிக்கும்படி இருந்தன. பின்பாதி ஒன்றோடொன்று ஒட்டிப் பலகைபோல இறுகிவிட்டது.

காவேரி போன் கேமராவை முதல் பக்கத்தின்மேல் பிடித்தாள். கொரிய எழுத்துகள் ஒரு குலுக்குக் குலுங்கித் தமிழாக மாறின.

"'நீங்கள் நான்கு பேரும் ஒரே ராக் இசைக்குழு. வேன் நகர்ந்த பின் ஒவ்வொருவரும் ஓர் அட்டையை முகம் கவிழ்த்து ஒலிபெருக்கியின் வாயில் ஊட்டவும்.' ஊட்டணுமாம் ஜான்சன்!"

"கொழந்தைக்கா?"

"'மேளக்காரர் வியர்த்தால் ஒரு நட்சத்திரம் குறையும்.'"

ஜான்சன் ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அவனுக்கும் அதற்குமேல் போக மனம் வரவில்லை. காயலான்கடைக்குப் போகவேண்டிய பெட்டி, அன்றைக்கு லேமினேஷன் மிஷினுக்குக் கீழே தங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கலெக்டர் ஆபீஸ் லீவு, அதனால் காவேரி கடைக்கும் லீவு. சாப்பாட்டுக்கு அப்புறம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நீள மேசையில் இருந்த பேப்பர் கட்டுகளைத் தரையில் அடுக்கி, வரைபடத்தை விரித்தாள். ஆட நான்கு பேர் வேண்டும். ஜான்சன் தன் தங்கை சிம்ரனை அழைத்து வந்தான். அவள் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சர்ச் பாடகர் குழுவிலும் இருப்பவள். நான்காவது ஆள் காவேரியின் புருஷன் வீரபாகு. பிள்ளையார்பாளையத்தில் வீட்டோடு தறி வைத்து நெய்கிறவர். பேச்சு மிகவும் குறைவு. வெளியே கூப்பிட்டால் பெரும்பாலும் வரமாட்டார். அன்றைக்கு ஏனோ, "சும்மா ஒக்காந்தா போதுமா?" என்று கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"ராக்குன்னா இன்னாம்மா?" என்று அவர்தான் முதலில் கேட்டார்.

சிம்ரன் போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினாள். காவேரி காதைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாத்துக்கு இப்டி கத்துறான்?"

"அவனுக்குக் கோவம்கா."

"யார் மேல?"

"எல்லார் மேலயும்தான்."

வீரபாகு தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "கத்தட்டும். தாளம் தப்பாம கத்துறான்" என்றார்.

குழுவில் யார் எது என்று சொல்லும் நான்கு சீட்டுகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பாட்டு சிம்ரனுக்கு. டிரம்ஸ் ஜான்சனுக்கு. மூடியில் இருந்த பெண் வைத்திருந்ததால் கிதார் தனக்குத்தான் என்று காவேரி முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டாள். யாரும் கேட்காத பேஸ் கிதார் வீரபாகுவுக்கு மிஞ்சியது.

"இது எப்டி சத்தம் குடுக்கும்?"

சிம்ரன் மறுபடி பாட்டைப் போட்டு, "தோ, அடில ஓடுது பாருங்கண்ணா" என்றாள். வீரபாகு போனைக் காதோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். "ஒண்ணியும் கேக்கலியே." போன் ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் வராது என்றாள் சிம்ரன். கையில் இருக்கிற வாத்தியத்தின் சத்தமே தெரியாமல் எப்படி வாசிப்பது என்று அவர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டே இருந்தார்.

குழுவுக்குப் பேர் வைக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. 'தண்டர் பாய்ஸ்' என்றான் ஜான்சன். நாங்க ரெண்டு பேரும் பாய்ஸா என்று சிம்ரன் அவன் தலையில் தட்டினாள். ஆளாளுக்கு ஒன்று சொல்லி அடிபட்டுப் போனபின், "ரெட்டைப்பேட்டு" என்றார் வீரபாகு மெதுவாக. இருபக்கமும் கரை வைத்து நெய்யும் சேலைக்கு அவர்கள் தெருவில் சொல்கிற பேர்தான். ஆனால் அந்த நேரத்தில் அந்தச் சொல் டிரம்ஸை நான்கு தரம் அடித்ததுபோலக் கேட்டது. அதுவே நிலைத்தது. வரைபடத்தில் இருந்த ஊர்களுக்கும் பக்கத்துக் கிராமங்களின் பேரை வைத்தார்கள். முதல் ஊர் மாகறல், அடுத்தது திருப்புட்குழி. மாகறலில் ரெட்டைப்பேட்டு ராக் கச்சேரி நடத்தியதை நினைத்து நினைத்து ஜான்சன் சிரித்தான்.

ஆட்டம் இப்படிப் போனது. வேன் ஓர் ஊருக்குள் நுழையும். அந்த ஊருக்கு எந்த நிறப் பாட்டு வேண்டும் என்று வரைபடத்தில் இருக்கும். நான்கு பேரும் தங்கள் கையிலிருந்து அந்த நிறத்தில் ஒரு சீட்டை ஸ்பீக்கர் பெட்டிக்குள் போட வேண்டும். எல்லாம் பொருந்தினால் கைதட்டல், ஒரு நட்சத்திரம். பொருந்தாவிட்டால் கூட்டம் கூச்சல் போட்டு விரட்டும். "எங்கிட்ட செவப்பு இல்லக்கா." "எங்கிட்ட ரெண்டு இருக்குது, ஒண்ணு வச்சிக்க." இப்படிக் கேட்டு வாங்கிக் கொடுத்து, நான்கு பேரும் ஒன்றாகவே ஸ்டேடியம் வரைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அன்று மாலை ஷட்டரைத் தூக்கி வெளியே வந்தபோது, நிஜமாகவே எங்கோ போய்விட்டு வந்த களைப்பு இருந்தது காவேரிக்கு.

ஆனால் அவளுக்கு இரண்டு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. எல்லோரும் ஒரே கட்சி என்றால் சீட்டை ஏன் முகம் கவிழ்த்துப் போடச் சொல்கிறார்கள்? ("சஸ்பென்ஸுக்குத்தான்க்கா" என்றான் ஜான்சன்.) அடுத்தது, தனியாக ஓர் உறையில் இருந்த நான்கு கறுப்புச் சீட்டுகள். மூன்றில் ஒரு கிதார் படம். நான்காவதில் ஓர் ஆள் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு முதுகைக் காட்டி நடந்து போகிறான். அதைப் பற்றிய பக்கம் ஒட்டிக்கொண்ட பாதியில் இருந்தது.

"லீவுல ஊருக்குப் போறவன் போல" என்றாள் சிம்ரன்.

"திருஷ்டிக்கு வச்சிருப்பாங்க" என்றார் வீரபாகு.

நரம்பு அறுந்த கிதார் படம் போட்ட சீட்டுகள் வேறு ஒரு கட்டு இருந்தன. போட்டால் பாட்டு கெட்டுப்போகும் சீட்டு. அதை எவன் போடுவான்? கெட்ட சகுனம் என்று அவற்றையும் கறுப்புச் சீட்டுகளையும் பெட்டி மூடிக்குள் ஒதுக்கி வைத்தார்கள்.

அப்புறம் ஞாயிறுதோறும் ஆட்டம். நடுவில் ஒரு சனிக்கிழமை, சிம்ரன் வீரபாகுவையும் காவேரியையும் சர்ச் பக்கத்து ஹாலுக்கு அழைத்துப் போனாள். பாட்டு ஒத்திகை. ஒரு பையன் பேஸ் கிதாரை மாட்டிக்கொண்டு தடிமனான நரம்பை ஒரு தரம் சுண்டினான். காவேரிக்கு நாற்காலி அதிர்ந்தது. வீரபாகு எழுந்து போய், ஸ்பீக்கர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"கேக்குதாண்ணா?" என்றாள் சிம்ரன்.

"காதுல இல்லம்மா." அவர் விலாவைத் தொட்டுக் காட்டினார். "இங்க கேக்குது."

அதற்குப் பிறகு ஆட்டத்தில் தன் சீட்டைப் போடும்போதெல்லாம் அவர் நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். கையில் இருப்பதை ஒருமுறை, மேசையில் இருப்பதை ஒருமுறை பார்த்து, ஏதோ பட்டுக்கு நிறம் தேர்வு செய்கிறவர்போல நிதானமாகப் போடுவார். ஜான்சன் கொட்டாவி விட்டுக் கிண்டல் செய்வான்.

மாசி பிறந்தபின் காவேரிக்குப் பொறுமை போய்விட்டது. "கிம் சாருக்கு வாட்ஸப் பண்ணிக் கேளுப்பா" என்று ஜான்சனைப் பிடுங்கி எடுத்தாள். போனவரைத் தொந்தரவு செய்வானேன் என்று தயங்கித் தயங்கித்தான் அவன் அனுப்பினான். மறுநாளே பதில் வந்தது. கிம்மின் மகன் விதிகளை எங்கிருந்தோ தேடி எடுத்துப் படமாக அனுப்பியிருந்தான். கூடவே, 'சூட்கேஸ் இல்லாமல் ஆடினீர்களா? ஹா ஹா ஹா' என்று.

காவேரி கடையில் நின்றுகொண்டே படித்தாள். வாடிக்கையாளர் ஒருவர் "எம்மா, ஆதார்..." என்று மூன்று தரம் கூப்பிட்டும் அவள் நிமிரவில்லை.

அறுந்த நரம்புச் சீட்டுகளை மற்றச் சீட்டுகளோடு கலந்துவிட்டு, கறுப்புச் சீட்டை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியக்கூடாது. சூட்கேஸ் வந்தவன் குழுவை விட்டுத் தனியாகப் போகப் போகிறவன். வெளியே எல்லோரோடும் சேர்ந்து ஆடுவதுபோலவே ஆடிக்கொண்டு, அறுந்த நரம்புச் சீட்டை ரகசியமாக ஸ்பீக்கருக்குள் போட்டுக் கச்சேரிகளைக் கெடுக்க வேண்டும். ஸ்டேடியத்துக்கு முந்தின ஊரில் வேன் நிற்கும். அங்கே மூன்று எண்ணியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் விரல் நீட்டி, யார் அந்த ஆள் என்று காட்ட வேண்டும். சரியாகக் காட்டினால் குழு ஜெயிக்கும். தப்பாகக் காட்டினால் சூட்கேஸ்காரன் ஜெயிப்பான்.

"அதுக்குத்தான் முகம் கவுத்துப் போடச் சொன்னானா!" என்று அவள் உரக்கச் சொன்னாள். ஆதார்காரர் திகைத்துப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கறுப்புச் சீட்டுகள் முதன்முதலாகக் கைமாறின. காவேரிக்குக் கிதார் வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டவள், உடனே அந்த மூச்சை யாராவது கவனித்தார்களா என்று சுற்றிப் பார்த்தாள். இத்தனை வாரம் பழகிய மூன்று முகங்களும் திடீரென்று பூட்டிய வீடுபோல இருந்தன.

மாகறலில் கைதட்டல். திருப்புட்குழியில் ஸ்பீக்கர் பெட்டியைக் கவிழ்த்தபோது மூன்று நல்ல சீட்டு, ஓர் அறுந்த நரம்பு.

"அய்யய்யோ, யாருப்பா அது?" என்றார் வீரபாகு.

அடுத்த ஊரிலும் அறுந்த நரம்பு. காவேரி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிம்ரன் நகத்தைக் கடித்தாள். ஜான்சன் தேவைக்குமேல் சிரித்தான், தேவைக்குமேல் பேசினான். "நா இல்லக்கா, சத்தியமா நா இல்ல" என்று கேட்காமலே சொன்னான்.

"கேக்காமயே சொல்றான் பாரு" என்றாள் காவேரி.

"எனக்கு அண்ணன் மேலதான் டவுட்டு" என்றான் ஜான்சன்.

காவேரி விழுந்து விழுந்து சிரித்தாள். "யாரு, இவரா? கடைக்காரன் சில்லற கம்மியா குட்த்தாகூட கேக்கமாட்டாருப்பா இவரு!"

"இல்லக்கா, நல்லா பாரு..."

"டபாய்க்காத ஜான்சன்."

வீரபாகு தலையைக் குனிந்துகொண்டு லேசாகச் சிரித்தார். "தம்பிக்கு எம்மேல இன்னா கோவமோ" என்றார்.

வேன் ஸ்டேடியத்துக்கு முந்தின ஊரில் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. காவேரி விரல், வீரபாகு விரல், சிம்ரன் விரல், மூன்றும் ஜான்சனை நோக்கி நீண்டன. ஜான்சன் விரல் வீரபாகுவை நோக்கி இருந்தது.

ஜான்சன் தன் கறுப்புச் சீட்டைத் திருப்பினான். கிதார்.

வீரபாகு தன் சீட்டைத் திருப்பி மேசை நடுவில் தள்ளினார். சூட்கேஸ்.

சிம்ரன் கீச்சென்று கத்தினாள். காவேரி வாயைத் திறந்தவள் மூடவில்லை. வீரபாகு ஏதோ தப்பு செய்துவிட்டவர்போலக் கழுத்தைச் சொறிந்துகொண்டு, "சீட்டு அப்டி வந்துச்சு, நா இன்னா பண்றது" என்றார். அந்தச் சத்தத்தில், ஜான்சன் தன் சீட்டை மெதுவாக உறையில் போட்டதையும், மணி ஆச்சு என்று கிளம்பியதையும் யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் காவேரி புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே ஆள்தான். அதே மாதிரிதான் மோர்சாதத்தைப் பிசைகிறார். ஆனால் அந்த "அய்யய்யோ, யாருப்பா அது?" அவள் காதை விட்டுப் போகவில்லை. கொஞ்சம்கூடப் பிசிறில்லாமல் எப்படிச் சொன்னார்?

இரண்டு நாள் கழித்து, பாவும் பட்டும் கொடுத்து நெய்யச் சொல்கிற ராமராஜன் வந்தார். வழக்கம்போலக் கூடத்தில் நின்றுகொண்டே குரலை உயர்த்தினார். கல்யாணப் பார்ட்டி அவசரப்படுகிறது, சேலையைத் தறியிலிருந்து அறுப்பது எப்போ? வீரபாகு வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு, "இன்னும் பாதி தாண்டலீங்க. பங்குனி உத்திரம் ஆயிரும் போல" என்றார். ராமராஜன் திட்டினார். அப்புறம் கெஞ்சினார். சரி, உத்திரத்துக்கு மறுநாள் கட்டாயம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தக் காட்சியைக் காவேரி பல வருடமாகப் பார்த்து வருகிறாள். ஒவ்வொரு தரமும், இந்த மனுஷன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாரா என்று அடுப்படியில் பாத்திரத்தை உருட்டியிருக்கிறாள். அன்றைக்குத்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. நேராகத் தறிக்குப் போய், நெய்த சேலையின்மேல் தூசுக்காகப் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியை விலக்கினாள். முந்தானையே முடியப் போகிறது. மிஞ்சினால் இன்னும் ஒரு முழம்.

"இன்னாங்க இது?"

"துணிய மூடு, தூசு படும்."

"பாதி தாண்டலன்னு சொன்னீங்க?"

வீரபாகு தறிக்குழியில் காலை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தார். "கல்யாணம் வைகாசிலதான். அவரு அவசரம்னு சொன்னாரு, நா பாதின்னு சொன்னேன். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உத்திரத்துக்கு நாலு நாள் கையில வேணாமா?"

"எத்தினி வருஷமா இது நடக்குது?"

"எது?"

அவள் துணியை மறுபடி போர்த்தினாள். பயந்த ஆள் என்று தான் நினைத்துக்கொண்டிருந்தவர் வாய் திறக்காமலே ராமராஜனை உட்காரவும் எழவும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கோபப்படுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னும் என்னென்ன இருக்கும் இந்த ஆளுக்குள் என்று பார்க்கவேண்டும்போல இருந்தது. பன்னிரண்டு வருடம் பக்கத்திலேயே இருந்தும் இந்தப் பெட்டியை மட்டும் திறந்து பார்க்காமல் விட்டிருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜான்சன் வரவில்லை. சிம்ரன் மட்டும் வந்தாள். டூட்டி இருக்குது என்றான் என்றாள். அடுத்த வாரமும் வரவில்லை. மூன்று பேரோடு ஆட்டம் நகரவில்லை. காவேரி விடாமல் கேட்டதும் சிம்ரன் சொன்னாள்: "கோவமாக் கீறான்க்கா. எங்கிட்டயும் பேசல."

"வெள்ளாட்டுக்கா?"

"அவனையே கேளுக்கா."

வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். காவேரி மறுநாள் சாயங்காலம் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு ஜான்சன் வீட்டுக்குப் போனாள். அவன் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளே வாக்கா என்றான், முகத்தைப் பார்க்காமல்.

"ரெண்டு வாரமா காணோமே."

"டூட்டிக்கா."

"பொய். உனக்குப் பொய் வராது ஜான்சன். அன்னிக்குத் தெரியாம போச்சு, இப்ப தெரிஞ்சுபோச்சு."

அவன் துணியைப் பிழிந்தான். பிழிந்து முடித்தபின்னும் பிழிந்துகொண்டே இருந்தான். "வெள்ளாட்டுக்குக் கோவப்படலக்கா. அந்த வாரம்தான் புது டிராவல்ஸுல ஒரு ஆளு லேப்டாப் பையக் காணோம்னு நின்னான். ஆபீஸுல ஏழெட்டு டிரைவருங்க இருந்தோம். அத்தினி பேரும் திரும்பி என்னப் பாத்தாங்க. நா புதுசு. எந்த ஏரியான்னு வேற கேட்டாங்க. ஏரியாவுக்கும் லேப்டாப்புக்கும் இன்னா சம்பந்தம் சொல்லு. அப்றம் பாத்தா பை அந்தாளு வூட்லயே இருக்குது. ஒருத்தனும் ஒரு வார்த்த சொல்லல." நிறுத்தினான். "ஞாயித்துக்கெழம வந்தா, இங்க மூணு வெரலு."

காவேரிக்குக் கை கனத்தது, அந்த விரலை இன்னும் நீட்டிக்கொண்டே இருப்பதுபோல.

"எந் தங்கச்சி கூட" என்றான் அவன். "அதுகூட பரவால்ல. நா கரெக்ட்டா சொன்னேனேக்கா. அண்ணன்தான்னு சொன்னேன். நீ சிரிச்ச."

"ஆமா, சிரிச்சேன்" என்றாள் காவேரி. "தப்புதான். நீ சொன்னத காதுல வாங்காம சிரிச்சது தப்பு."

ஜான்சன் துணியை உதறிக் கார் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். ஆனால் காவேரியால் அதோடு போக முடியவில்லை. தப்பு என்று சொன்ன வாயாலேயே, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஆமா, அவருதான்னு உனக்கு எப்டி தெரிஞ்சுது?"

ஜான்சன் அவளை நிமிர்ந்து பார்த்தான். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் உதட்டோரம் விட்டான். "இதுக்குத்தான் வந்தியாக்கா?"

"அதுக்கும்தான்."

"அண்ணன் எப்பவும் ஒரு சீட்டு போட எவ்ளோ நேரம் எடுத்துக்கும்? நா கொட்டாவி வுட்ற வரைக்கும் யோசிக்கும். அன்னிக்கு டக்கு டக்குன்னு போட்டுச்சு. எத்த போடணும்னு முன்னாடியே தெரிஞ்சவந்தான்க்கா யோசிக்காம போடுவான்."

காவேரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். அந்த நிதானத்தை அவள் எத்தனை வருடமாகப் பார்க்கிறாள்! அது இல்லாமல் போனது பக்கத்தில் இருந்தவளுக்குத் தெரியவில்லை, எதிரில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஞாயித்துக்கெழம வா" என்றாள். "நீ சொல்றத கேப்போம்."

அவன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஆனால் வந்தான். பெட்டி நிறைய சமோசாவோடு வந்தான். வீரபாகு எழுந்து நின்று, "வா தம்பி" என்று தன் நாற்காலியை அவனுக்குத் தள்ளினார். அவரும் விஷயத்தைக் கேள்விப்பட்டிருந்தார். "அன்னிக்கு நானும் உம்பக்கம்தான் வெரல காட்னேன். நாந்தான் திருடன்னு தெரிஞ்சே காட்னேன். எனக்கே கஷ்டமாப் போச்சு" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அந்தக் கடை கேட்டதில்லை.

"வுடுண்ணா. வெள்ளாட்டுல அதானே ரூலு" என்றான் ஜான்சன். சிம்ரனிடம் சமோசாவை நீட்டினான். அவள் இரண்டை எடுத்துக்கொண்டாள்.

கறுப்புச் சீட்டைப் பிரித்தார்கள். காவேரிக்கு மறுபடியும் கிதார். ரெட்டைப்பேட்டு வேன் கிளம்பியது. இந்தத் தரம் ஜான்சன் அதிகம் பேசவில்லை. திருப்புட்குழியில் அறுந்த நரம்பு வந்தபோது, காவேரியும் வீரபாகுவும் ஒருசேர அவன் பக்கம் திரும்பினார்கள், கேட்பதற்காக.

"நீ இன்னா நெனைக்கிற, தம்பி?"

ஜான்சன் நாலு ஊர் வரைக்கும் ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டே வந்தான். கடைசியில் தயங்கித் தயங்கி, "சொல்றதுக்கே கஷ்டமா இருக்குது. சிம்ரன் மூணு தடவையா சீட்ட எடுத்துட்டுத் திரும்ப வச்சு வேற எடுக்குது. கவனிச்சீங்களா?" என்றான்.

"டேய், பொய் சொல்லாத! எனக்கு நீலம் இல்ல, அதான் தேடினேன்!" என்று சிம்ரன் பாய்ந்தாள்.

"பாத்தியாக்கா, எப்டி கோவம் வருது."

ஒன்று, இரண்டு, மூன்று. காவேரி விரலும் வீரபாகு விரலும் ஜான்சன் விரலும் சிம்ரன் பக்கம் நீண்டன. சிம்ரன் விரல் அண்ணன் மூக்குக்கு நேராக நின்றது. அவள் தன் சீட்டை மேசையில் அறைந்தாள். கிதார்.

"யப்பா!" என்றார் வீரபாகு.

ஜான்சன் தன் சீட்டை அவசரமே இல்லாமல் திருப்பினான். முதுகைக் காட்டிக்கொண்டு சூட்கேஸ்காரன் நடந்து போனான். ஜான்சன் குட்டி வேனைத் தனியாக எடுத்து, வாயாலேயே டிரம்ஸ் அடித்துக்கொண்டு, வளைந்து வளைந்து ஸ்டேடியத்துக்குள் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினான். சிம்ரன் அவன் முதுகில் இரண்டு வைத்தாள்.

"எப்ப முடிவு பண்ண?" காவேரிக்கு அது தெரிந்தே ஆகவேண்டும். "எப்பலேந்து பிளான்?"

"சீட்ட பாத்ததுமேக்கா. இன்னிக்கு நா இன்னா சொன்னாலும் நம்புவீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

வீரபாகு சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. இருமிக்கொண்டே கையைத் தூக்கி, "சபாஷ்டா" என்றார். காவேரி அவர் முதுகைத் தட்டினாள். பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் யாரோ குனிந்து, "அம்மா, ஒரு ஜெராக்ஸ்..." என்றார்கள்.

"நாளைக்கு வாங்க" என்றாள் காவேரி, சீட்டுகளைக் கலைத்துக்கொண்டே. "இப்ப நாங்க மாகறல் கெளம்பணும்."